ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் அயோடின் சொட்டு: யாருக்கு, எத்தனை நாள், எப்படி

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு, அந்தச் சுரப்பியை எடுக்கும் ஆபரேஷன் தேதி குறித்துவிட்டு, பத்து நாள் முன்னாலிருந்து லூகால்ஸ் அயோடின் சொட்டு குடிக்க வேண்டும் என்று சீட்டு எழுதினால், பெரும்பாலும் கூட வந்தவர்தான் முதலில் கேட்பார்: "தைராய்டு அதிகமா சுரக்கிறவங்க அயோடினே சேர்க்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, டாக்டர்?" நியாயமான கேள்விதான். தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்வதே அயோடினை வைத்துத்தானே.

விஷயம் அளவில் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். லூகால் கரைசலின் ஒரே சொட்டில் சுமார் 6 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது நாற்பது நாளுக்கு வேண்டியது. இப்படித் திடீரென்று வந்து குவியும்போது சுரப்பி புதிதாக ஹார்மோன் செய்வதை நிறுத்திவிடுகிறது, செய்து வைத்ததை ரத்தத்தில் விடுவதையும் குறைத்துக்கொள்கிறது. ஆனால் இது கொஞ்ச நாள்தான். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம், அதற்குள் சுரப்பி பழகிக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். அந்த இடைவெளிக்குள் ஆபரேஷன் முடிந்தாக வேண்டும்.

இது புது வைத்தியமும் இல்லை. பிரான்ஸில் லூகால் என்ற மருத்துவர் 1829-இல் வேறு நோய்களுக்காகச் செய்த கரைசல் இது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் 1923 வாக்கில் இதைத் தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால் கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முன்பெல்லாம் கத்தி வைத்த ஓரிரு நாளில் கடும் காய்ச்சலும் தறிகெட்ட இதயத் துடிப்புமாக, தைராய்டு ஸ்டார்ம் வந்து பலர் இறந்துபோனார்கள். சொட்டு வந்த பிறகு அங்கே அந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன.

கிரேவ்ஸ் சுரப்பியில் ரத்த ஓட்டம் மிக அதிகம். சிலருக்குக் கழுத்தில் விரல் வைத்தாலே அதிர்வு தெரியும், ஸ்டெத் வைத்தால் உஸ் உஸ்ஸென்று ஓசை கேட்கும். ஆபரேஷன் தியேட்டரில் அது நனைந்த பஞ்சு மாதிரி இருக்கும், தொட்ட இடமெல்லாம் கசியும். குரலுக்கான நரம்பும், ரத்தத்தில் கால்சியம் அளவைக் கவனிக்கும், சில மில்லிமீட்டரே இருக்கிற பாராதைராய்டு சுரப்பிகளும் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. ரத்தம் மறைத்தால் அவற்றைக் காப்பாற்றுவது கஷ்டம். சொட்டு குடித்து வந்தவரின் சுரப்பி கொஞ்சம் இறுகி, பிடித்து வேலை செய்ய வாகாக இருக்கும், கசிவும் குறைவு. இதனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் சர்ஜன்களும் உண்டு, எல்லோரும் இதைக் கொடுப்பதில்லை. கிரேவ்ஸ் என்றால் நான் கொடுக்கிறேன்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சொட்டு ஆரம்பித்ததும், தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் அந்த மாத்திரை சாப்பிட்டு தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 சரியான அளவுக்கு வந்த பிறகு, அதன் மேல்தான் சொட்டு. நாடித்துடிப்பை அடக்கும் ப்ரொப்ரனலாலும் அப்படியே தொடர வேண்டும், பெரும்பாலும் ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் மட்டும் இன்னும் ஏறவில்லையே என்று ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அது மேலே வர மாதக்கணக்கில்கூட ஆகும்.

அப்புறம், ஹைப்பர் தைராய்டு, அதாவது தைராய்டு அதிகச் சுரப்பு, என்று பெயர் வந்த எல்லோருக்கும் இது கிடையாது. கழுத்தில் கட்டி கட்டியாக வந்து அந்தக் கட்டிகளே ஹார்மோன் சுரக்கிறவர்களுக்கு அயோடின் கொடுத்தால் நோய் முற்றிவிடும். ரேடியோ அயோடின் சிகிச்சைக்குப் போகப்போகிறவர் குடித்தால் அந்த மருந்து சுரப்பிக்குள் ஏறாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தார்கள் என்று வாங்கிக் குடிப்பது ஆபத்து.

பாட்டிலையும் நன்றாகப் பாருங்கள். புண்ணுக்குப் போடும் பெட்டாடைனும் டிங்சர் அயோடினும் இதே பழுப்பு நிறம்தான், அவற்றைக் குடிக்கவே கூடாது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குத் தடவுவதும் லூகால்ஸ் என்ற பெயரிலேயே கிடைக்கிறது, ஆகவே உள்ளுக்குக் குடிக்கக்கூடியது என்று லேபிளில் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வழக்கமாக 5 முதல் 7 சொட்டு, தினம் மூன்று வேளை. உங்கள் சீட்டில் இருப்பதே உங்கள் அளவு. வேறு மருந்தின் டிராப்பரைப் போட்டு எண்ணாதீர்கள், சொட்டின் பருமன் மாறும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரிலோ பழச்சாறிலோ கலந்து, ஸ்ட்ரா வைத்துக் குடித்தால் வாய் எரியாது, பல்லில் கறையும் படாது. அரிசிக் கஞ்சியில் விட்டால் மாவுச்சத்தோடு சேர்ந்து கருநீலமாகிவிடும், மருந்து கெட்டுவிட்டதோ என்று பயந்துபோவீர்கள்.

வாயில் உலோகச் சுவை வருவது சகஜம். தோலில் தடிப்போ, கன்னத்துக்குக் கீழே வீக்கமோ வந்தால் முதலில் எங்களுக்குப் போன் செய்யுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ என்றால் போன் செய்துகொண்டிருக்காமல் நேரே எமர்ஜென்சிக்கு வாருங்கள். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் சொட்டால் வந்த சூடு என்று விட்டுவிடாதீர்கள், கார்பிமசோல் வெள்ளை அணுக்களைக் குறைத்திருக்கலாம், அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும்.

என்னைக் கவலைப்படுத்துவது தேதியைத் தள்ளுவதுதான். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை, வீட்டில் விசேஷம், சளி பிடித்துவிட்டது என்று ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போகும், சொட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பழகிப்போன சுரப்பியிடம் இப்போது மூட்டை மூட்டையாக அயோடின். ஹார்மோன் மறுபடி ஏறும், கார்பிமசோலும் முன்போலச் சீக்கிரம் கேட்காது. அதனால் அப்ரூவல், மயக்க மருந்து டாக்டரின் ஃபிட்னஸ், பெட் எல்லாம் உறுதியான பிறகே முதல் சொட்டை எடுங்கள். அப்படியும் தேதி மாறினால் அன்றைக்கே கூப்பிடுங்கள், இரவானாலும் பரவாயில்லை.