உறைபனி இரவில் ஓட்டுக்கு அடியில்: கூரைக்குள் விலங்குகள் நுழைவது எப்படி, தடுப்பது எப்படி?

உதகையில் உறைபனி விழுந்த ஒரு ஜனவரி விடியலில், சற்று மேடான இடத்தில் நின்று கீழே உள்ள கூரைகளைப் பார்த்தால், எந்த வீட்டின் சூடு எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும். மாட்டுக்கொட்டகையின் தகரத்திலும் ஆளில்லாத வீட்டின் ஓடுகளிலும் பனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். இரவெல்லாம் கணப்பு எரிந்த வீட்டிலோ, புகைபோக்கியைச் சுற்றிலும் சமையலறைக்கு மேலேயும் மட்டும் பனி பிடிக்காமல் ஓடு கருத்துக் கிடக்கும். எலியும் வௌவாலும் புனுகுப்பூனை இனத்தைச் சேர்ந்த மரநாயும் பனிக்காலத்தில் கூரையை நாடி வருவதற்கு இந்தக் கசிவு ஒரு முக்கியக் காரணம்.

மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி இழந்துவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து, உதகையை அடுத்த தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் தேங்குகிறது. முதலில் நீர்ப்பனியும், வெப்பநிலை உறைநிலையைத் தொடும்போது உறைபனியும் படிகின்றன. அதே நேரத்தில் வீட்டுக்குள் சூடான காற்று எடை குறைந்து மேலேறி, சீலிங் பலகைகளின் இடுக்குகள் வழியாகப் புகுந்து, சீலிங்கிற்கும் ஓட்டிற்கும் இடைப்பட்ட வெளியில் தங்குகிறது. சமையல் வாசனையும் அதனுடன் செல்கிறது. உடல் எவ்வளவு சிறிதோ, கன அளவோடு ஒப்பிடும்போது அதன் மேற்பரப்பு அவ்வளவு அதிகம். ஆகவே சிறிய விலங்கு வெப்பத்தை விரைவாக இழக்கும், அதை ஈடுகட்ட நிறைய உண்ண வேண்டும். சில பாகை கூடுதல் சூடுள்ள இடம் அதற்குப் பெரும் சேமிப்பு. மரநாய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலில் அது மரப்பொந்திலோ அடர்ந்த கொடிகளுக்கு நடுவிலோ உறங்கும் விலங்கு. சோலைக்காடு தேயிலையாக மாறிய சரிவுகளில் பொந்துள்ள முதுமரங்கள் அரிது. இருட்டான, உலர்ந்த, உயரமான ஓட்டுக்கூரை அதற்கு நல்லதொரு பொந்துதான்.

வந்திருப்பது யார் என்பதை எச்சமே சொல்லிவிடும். தடித்த எச்சத்தில் பழக்கொட்டைகளும் காப்பிக் கொட்டைகளும் செரிக்காமல் கிடந்தால் அது மரநாய். அரிசி போல நீண்டு, விரலால் அழுத்தினால் பொடியாகி, அதில் பூச்சிச் சிறகின் மினுமினுப்பு தெரிந்தால் வௌவால் (கையுறை இல்லாமல் இதைச் சோதிக்க வேண்டாம்). அழுத்தியும் பொடியாகாமல் கெட்டியாக இருந்தால் எலி. எலி போய்வரும் தடத்தில் அதன் உடல் எண்ணெய் பட்டுச் சுவரோரம் கருத்த கோடும் விழுந்திருக்கும்.

நுழைவாயில் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுள்ள ஓட்டை எலிக்குத் தாராளம். சிறிய வௌவாலுக்கு விரல் நுழையும் இடுக்கே போதும். இரண்டு முதல் ஐந்து கிலோ எடையுள்ள மரநாய்க்கு ஊனுண்ணிகளின் பொது அமைப்பின்படி கழுத்தடியில் உள்ள காறை எலும்பு மிகச் சிறுத்திருப்பதால் தோள் குறுகிக்கொடுக்கும். தலை நுழைந்த இடத்தில் உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். நெளிதகரம் சுவரின் மேல் அமரும் இறவாரத்தில் ஒவ்வொரு நெளிவுக்கும் அடியில் ஓர் அரைவட்டத் துளை இருப்பதை வீடு கட்டுபவர்கள் ஏனோ பொருட்படுத்துவதில்லை. முகட்டு ஓட்டின் சாந்து உதிர்ந்த இடமும், குரங்கு நகர்த்திவிட்டுப் போன ஓடும் அடுத்த வாயில்கள். பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளிருந்து பார்த்தால், வெளிச்சப் புள்ளிகளாக அவை தெரியும்.

இவற்றைத் துணியாலோ நுரைப்பசையாலோ அடைப்பது வீண்வேலை. எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுவதும் வளர்வது. அதன் முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மையான பல்திசு. கடிக்கும்போது பின்பக்கம் முதலில் தேய்வதால் முனை உளி போலத் தானே கூராகிக்கொள்கிறது. மரமும் பிளாஸ்டிக்கும் மின்கம்பியின் உறையும் அதற்கு ஒன்றுதான். அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய கம்பிவலையை ஆணியடித்து, ஓரத்தில் சிமெண்டுச் சாந்து பூசுவதே நிற்கும். சாதாரண இரும்பு நார் இந்த மலையின் மூடுபனியில் விரைவில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, விலங்கு வராமலிருக்கக் கூரையைக் காற்றுப் புகாமல் மூடிவிடுவது. கீழிருந்து ஏறும் காற்றில் மூச்சின் ஈரமும் சமையல் ஆவியும் இருக்கின்றன. வெளியேற வழியில்லாவிட்டால், குளிர்ந்த தகரத்தின் அடிப்புறத்தில் அந்த ஈரம் நீர்த்துளிகளாகப் படிந்து, கூரையைத் தாங்கும் கைமரத்தையும் ரீப்பர் சட்டங்களையும் உளுத்துப்போக வைக்கும். ஆகவே மேலே காற்றுத்துளைகளுக்கு வலை மட்டும் போதும். அடைக்க வேண்டியது சீலிங் பலகைகளின் இடுக்குகளை. சூடு அறையிலேயே தங்கும், கணப்புக்கு விறகும் மிச்சமாகும், மேல்வெளி விலங்கை ஈர்க்கும் அளவுக்குச் சூடேறாது. கூரையைத் தொடும் சில்வர் ஓக் கிளைகளை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வெட்டுவதும், மழைநீர்க் குழாயில் வழுக்கும் தகரப் பட்டை சுற்றுவதும் ஏறும் வழியைக் குறைக்கும்.

அடைப்பதற்கு முன் உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். துளையில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகி வையுங்கள்; கடுங்குளிரில் மரநாய் ஓரிரு நாள் வெளியே வராமலும் இருக்கலாம் என்பதால், ஐந்து இரவுகள் அது கலையாமல் இருந்தால்தான் நம்பலாம். ஆள் இருந்தால், மற்றத் துளைகளை அடைத்துவிட்டு, கடைசித் துளையில் வெளிப்புறமாக மட்டும் திறக்கும் கீல் தகடு ஒன்றைத் தொங்கவிடலாம். இரவில் இரை தேடப் போனது திரும்ப நுழைய முடியாது. குட்டிகளின் கீச்சுக்குரல் கேட்டால் சில வாரங்கள் பொறுப்பதே சரி. தாயை வெளியே தள்ளி மூடினால் அது ஓட்டைப் பெயர்த்தாவது உள்ளே வரப் பார்க்கும், முடியாவிட்டால் குட்டிகள் சீலிங்கிலேயே செத்து நாறும். மரநாய் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது; பிடிப்பது வனத்துறையின் வேலை. எலிக்கு வைக்கும் விஷம், அந்த எலியைத் தின்னும் மரநாயையும் கூகையையும் சேர்த்துக் கொல்லும்.

மரநாய் தன் இடத்தை வாசனையால் அடையாளமிடும் விலங்கு. அந்த நெடி மிஞ்சியிருந்தால் அடுத்ததும் அங்கேயே மோப்பம் பிடித்துச் சுரண்டும். ஆகவே வாயிலை மூடிய பிறகு எச்சத்தை அகற்றுங்கள். உலர்ந்த நிலையில் பெருக்கினால் தூசி மூச்சில் ஏறும். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டு, ஈரமாகவே வழித்தெடுத்து, மரச்சட்டங்களை சோப்புநீரில் துடைத்து, வெயில் உள்ள ஒரு பகலில் நன்றாக உலரவிட வேண்டும்.