கலர் கார்டை மூடி வைத்துவிட்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

புரட்டாசி பிறந்தால் என் போன் ஓயாது. "தீபாவளிக்குள்ள வெளிப்பக்கம் அடிச்சுக் குடுத்துடுங்க" என்பதுதான் பாதிக்கு மேல் அழைப்புகள். திருச்சியில் 22 வருடமாகப் பெயின்டிங் கான்ட்ராக்ட் செய்கிறேன், வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனாலும் வெளிச்சுவருக்கு அது நேரமில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. தீபாவளி அதற்கு நடுவில் வந்து உட்காருகிறது. ஈரம் குடித்த சுவரில் அடித்த எமல்ஷன், சித்திரை வெயிலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அப்போது பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

பொங்கல் முடிந்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின் தை கடைசியிலிருந்து பங்குனி வரை அடிப்பது நல்லது. அதிலும் உச்சி வெயிலில் கொதிக்கிற சுவரில் ரோலரை வைக்கக் கூடாது. காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் துரத்திக்கொண்டே போவோம். ஆடியில் அடித்தால் எங்கள் ஊர்க் காற்று கிளப்புகிற புழுதி முழுக்க ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, நிறத்துக்கு வருவோம். போன வருடம் தென்னூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிட்டிருந்தார். மேற்குப் பார்த்த வீடு. கலர் கார்டில் ஒரு பளீர் ஊதாவை மடித்து வைத்திருந்தார். பழைய நிறமும் ஊதாதானாம், அது கம்பெனிக் கோளாறில் வெளுத்துவிட்டதாம், இந்த முறை விலை கூடிய ரகத்தில் அதையே அடிக்க வேண்டுமாம். நான் ஒன்றும் பேசாமல் வாசல் பெயர்ப்பலகையின் இரண்டு திருகுகளைக் கழற்றினேன். பலகைக்குப் பின்னால் அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே ஊதா. சுற்றிலும் அடுப்புச் சாம்பல். "தம்பி, இந்தக் கலரா இது?" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

வெயில் படாத இடத்தில் நிறம் அப்படியே இருந்தது. ஊதா, ரோஸ், எலுமிச்சை மஞ்சள், பளீர் சிவப்பு போன்றவற்றுக்குச் சேர்க்கும் நிறமிகளில் பல, புற ஊதாக் கதிர் தாங்காதவை. விலை கூடிய ரகத்தில் இரண்டொரு வருடம் கூட நிற்கும், அவ்வளவுதான். காவி, செங்கல், மண், மணல் சாயல்கள் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகின்றன. அவை சீக்கிரத்தில் வெளுக்காது. கோயில் மதில் பட்டையில் இருக்கும் காவி இந்த வகைதான். வாத்தியார் கடைசியில் மணல் நிறத்துக்கு இறங்கி வந்தார். ஊதா விட்டுப்போகக் கூடாது என்று வராந்தாவின் உள்சுவர் ஒன்றுக்கு மட்டும் அதை அடித்தோம். அங்கே வெயில் எட்டாது.

கார்டில் பார்ப்பதும் சுவரில் வருவதும் ஒன்றாக இருக்காது. கட்டைவிரல் அளவுத் துண்டில் சாந்தமாகத் தெரிகிற சந்தன நிறம், 20 அடிச் சுவரில் ஏறியதும் கல்யாண மண்டபமாகிவிடும். பரப்பு பெரிதானால் நிறம் பளிச்சென்று கூடித் தெரியும். அதனால் மனதில் நினைத்ததைவிட ஒரு படி மங்கலாக எடுங்கள். சின்ன டப்பா வாங்கி, வெயில் விழும் சுவரில் ஒன்று, நிழல் சுவரில் ஒன்று என்று மூன்றுக்கு மூன்று அடி அடித்துப் பாருங்கள். பழைய நிறத்தின் மேலேயே அடித்தால் கண் ஏமாறும், முதலில் வெள்ளை பிரைமர் போட வேண்டும். காலை, மதியம், தெருவிளக்கு எரிகிற நேரம் என்று மூன்று முறை பார்த்தபின் முடிவு செய்யலாம்.

மேற்குச் சுவருக்கு அடர்த்தியான நிறம் வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். மதியம் குடித்த சூட்டை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ராத்திரி படுக்கையறைக்குள் விடும். ராசிக்கு ஏற்ற நிறம் கேட்பவர்களிடம் வாதாடுவதில்லை. எந்த நிறத்திலும் வெளிர் சாயல் ஒன்று உண்டு.

வீட்டின் முகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். தெருவில் நின்று நல்ல வீடு ஒன்றைப் பாருங்கள். ஜன்னல் மூலைகளுக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி கறுப்புக் கோடு இருக்கும். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், விட்டிருந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லையென்றால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்து, மேலே சேர்ந்திருக்கும் தூசியையும் பாசியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். கைப்பிடிச் சுவரின் தலைக்கும் இதே கதைதான்: பூச்சு மொட்டை மாடிப் பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். தெருப் பக்கம் சாய்ந்திருந்தால் ஒரே மழைக்காலத்தில் முகப்பு வரிக்குதிரைதான். கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் சரியாகிற விஷயம். அதை விட்டுவிட்டு நிறத்தை மாற்றி மாற்றி அடிக்கிறோம்.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதன் மேல் பட்டி பார்த்து மறைக்காதீர்கள். உள்ளே எங்கோ பைப் கசிகிறது, அல்லது தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. அதை நிறுத்தாமல் அடிக்கிற எதுவும் உதிரும். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காத்திருங்கள். சிமென்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். கிரகப்பிரவேச முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்றால் அன்றைக்குப் பிரைமரோடு நிறுத்திவிடுங்கள், வருகிறவர்கள் சாப்பாட்டைத்தான் பார்ப்பார்கள்.

பேஸ்மட்டத்துக்கு அடர்த்தியான சாம்பலோ காவியோ அடியுங்கள். மழையில் செம்மண் தெறிப்பது இரண்டடி உயரம் வரை வரும், அங்கே வெள்ளை நிற்காது. மற்றபடி முழு எலிவேஷனுக்கும் இரண்டு நிறம் போதும், மூன்றாவது ஒன்று கொஞ்சமாக. டைல்ஸ், கண்ணாடி, நான்கு நிறம், போதாததற்குத் திருஷ்டிப் பொம்மை என்று எல்லாம் ஒரே முகப்பில் சேர்ந்தால் கண் எங்கே நிற்கும்? சுவரில் ஓடுகிற பிவிசி பைப்புகளைச் சுவர் நிறத்திலேயே அடித்துப் பாருங்கள், பாதி வீடு சுத்தமான மாதிரி இருக்கும்.

கேட், கிரில்லில் பழைய எனாமல் இருந்தால் கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கிரில்லை உலர்வாகத் தேய்த்தால் தூசியில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சகாக்கள் கோபித்துக்கொள்ளட்டும். பெயின்ட் வாளிக்குள் பெயின்டருக்கென்று டோக்கனோ ஸ்கேன் செய்கிற அட்டையோ வரும். அதில் சேரும் புள்ளிக்குப் பணமும் பரிசும் கிடைக்கும். "இந்தக் கம்பெனிதான் சார் நல்லது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் காரணம் சில நேரம் அதுதான். எவ்வளவு வாங்குவது என்பதை நீங்களே கணக்குப் போடலாம். நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடி வரும். 1500 சதுர அடிச் சுவருக்கு 25 முதல் 30 லிட்டர். 15 லிட்டரில் முடித்துத் தருகிறேன் என்பவர் மீதியைக் குழாயில் பிடிக்கப் போகிறார். எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்பது வாளியிலேயே அச்சிட்டிருக்கும், கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு மூன்று வாளி வந்தால் எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் ஊற்றிக் கலந்தபின் அடிக்கச் சொல்லுங்கள். மெஷினில் கலந்ததுதான் என்றாலும் வாளிக்கு வாளி ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். சுவர் நடுவில் அது ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்.

வேலை முடிந்த அன்று வாத்தியார் வீட்டு மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் ஷேடு நம்பர், எந்த பேஸ் (நிறமி சேர்க்கும் அடிப் பெயின்ட்), எத்தனை லிட்டர், மாதம், வருடம் எல்லாம் எழுதி வைத்தேன். அவர் அதைப் படித்துப் பார்த்து, என் பேனாவை வாங்கி, "கையெழுத்து கொஞ்சம் கோணல்" என்று கீழே திருத்தி எழுதினார்.