கேட்ச் கேன் மாட்டும் முன் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்

ஏர் ஃபில்டரிலிருந்து, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். 50,000 கிலோமீட்டர் தாண்டிய டர்போ டீசல் ஜீப் என்றால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். இதைப் பார்த்ததும் டர்போ போய்விட்டது என்று பதறுபவர்கள் அதிகம். பெரும்பாலும் அந்த எண்ணெய் டர்போவிலிருந்து வந்ததே இல்லை. இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரிலிருந்து ஒரு சின்னக் குழாய் கிளம்பி இந்தப் பெரிய குழாயின் பக்கவாட்டில் வந்து சேரும். அதுதான் பிரீதர் குழாய். எண்ணெய் வரும் வழி அது. அந்த எண்ணெயை வழியில் பிடிக்கும் டப்பாதான் கேட்ச் கேன்.

பிஸ்டனுக்கு மேலே எரியும் வாயுவில் ஒரு பங்கு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டிக் கீழே எண்ணெய் இருக்கும் சேம்பருக்குள் இறங்கிவிடும். புது இன்ஜினிலும் இது உண்டு. இதைத்தான் பிளோ பை என்கிறோம். வெளியே வழி விடாமல் அடைத்தால் சேம்பரில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும். அதனால்தான் அந்த வாயுவை டர்போவின் வாய்க்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். போகும்போது அது எண்ணெயைப் பனிபோல அள்ளிக்கொண்டு போகிறது. எண்ணெய் டர்போவைக் கடந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியில் கொஞ்சம் தேங்கி, மீதி சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு வருகிறது. அங்கே, புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வு வழியாக வரும் சைலன்சர் கரியோடு சேர்ந்ததும் கெட்டிப்படுகிறது. மேனிஃபோல்டைக் கழற்றினால் மாட்டு வண்டி அச்சுக்குப் போடும் மை மாதிரி சுவரெல்லாம் அப்பியிருக்கும். முழு விரல் போகவேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல்தான் நுழையும். இழுவை குறைவதும், மைலேஜ் இறங்குவதும், ஏற்றம் ஏறும்போது கரும்புகை தள்ளுவதும் இதன் பலன்.

கேட்ச் கேன் இந்த பிரீதர் குழாயின் நடுவில் உட்கார்ந்து எண்ணெயைப் பிரித்துக் கீழே நிறுத்தி, வாயுவை மட்டும் டர்போவுக்கு அனுப்பும் டப்பா. வேலை அவ்வளவுதான். ஏற்கனவே அப்பிய கரியை அது கரைக்காது. மேனிஃபோல்டும் இஜிஆரும் அடைத்திருந்தால் முதலில் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள், கேன் அப்புறம். இஜிஆரும் இன்டர்கூலரும் இல்லாத பழைய டிஐ இன்ஜின் வண்டிக்கு இதனால் பெரிய லாபம் இல்லை, அந்தக் காசுக்கு நல்ல ஏர் ஃபில்டர் வாங்கிப் போடலாம்.

டெல்டாப் பக்கம் வண்டி ஓடும் விதத்தையும் சொல்லவேண்டும். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை மேடே கிடையாது. வாய்க்கால் கரையில் இரண்டாம் கியரில் ஊர்வது, கொள்முதல் நிலைய வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்பது, வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் வயலுக்குப் போய்த் திரும்புவது, இதுதான் தினசரி ஓட்டம். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. ரிங்குகள் சுவரோடு நன்றாக அழுந்தி உட்கார அழுத்தம் வேண்டும், சுமை வேண்டும். சுமையே இல்லாமல் ஓடும் இன்ஜினில் சிலிண்டர் சுவர் வழவழப்பாகிப் பிளோ பை கூடும். அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரக்காற்றும் சேரும்போது சேம்பரில் ஆவி தண்ணீராகப் படியும்.

கேன் வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலில் டிப்ஸ்டிக், அதாவது எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி. எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி இருந்தால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கி பிரீதர் வழியே தள்ளும். இப்படிப்பட்ட வண்டிக்குக் கேன் வேண்டாம், கூடுதல் எண்ணெயை வடித்தாலே போதும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6 (புகை மாசு விதி) வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் வேலை குட்டை ஓட்டத்தில் பாதியிலேயே நின்றுவிடும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எண்ணெயில் கலந்து மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தானாகக் கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது தஞ்சாவூர் பைபாஸ் போன்ற நீண்ட சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள்.

அடுத்தது ஆயில் மூடி. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி ஐடிலிங்கில் விட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, வாயின் மேல் சும்மா கவிழ்த்து வையுங்கள். லேசாகத் துள்ளினால் சரி. மூடியைத் தூக்கி எறிந்தாலோ, ரயில் இன்ஜின் மாதிரி விட்டு விட்டுப் புகை அடித்தாலோ ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஒரு பிஸ்டனில் கோளாறு. சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ரிங் போன இன்ஜினுக்குக் கேட்ச் கேன் மாட்டுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே குண்டான் வைக்கிற மாதிரி.

மூன்றாவது, இன்டர்கூலரின் கீழ்க் குழாய். உள்ளே எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். சாய்த்தால் ஊற்றுகிற அளவுக்குத் தேங்கியிருந்து, பிரீதர் குழாயில் மட்டும் எண்ணெய் குறைவாக இருந்தால் சந்தேகம் டர்போ சீல் மேல்தான் போகவேண்டும்.

இனி கேன். சந்தையில் கிடைக்கும் விலை மலிவான கேன்களில் பாதி வெறும் அலுமினிய டப்பா. ஒரு பக்கம் நுழைந்த எண்ணெய்ப் பனி, எதிலும் மோதாமல் மறுபக்கம் போய்விடும். உள்ளே தடுப்பும் எண்ணெய்த் துளிகளைச் சேர்த்துத் திரட்டும் ஃபில்டரும் இருக்கவேண்டும். ஃபில்டர் அடைத்தால் தானே திறந்து அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் ஃபில்டர் மட்டும் உள்ள கேனை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சிலர் வெறும் டப்பாவுக்குள் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் பஞ்சைத் திணிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பஞ்சின் இழை அதிர்வில் உடைந்து நேராக டர்போவுக்குள் போகும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம் அது, ஒரு துணுக்கு போதும்.

ஹோஸ்தான் பாதிப்பேர் கோட்டைவிடும் இடம். வண்டியின் பிரீதர் குழாயின் உள் விட்டத்தை அளந்து, அதே அளவோ அதற்கு மேலோ உள்ள ஹோஸ் எடுங்கள். பெரும்பாலும் 19 அல்லது 25 மில்லிமீட்டர் வரும். 19 மில்லிமீட்டர் குழாய்க்கு 12 மில்லிமீட்டர் ஹோஸை நுழைத்தால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், சேம்பர் அழுத்தம் அப்படியே ஏறும். ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடவே கூடாது. அந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகி, ஒருநாள் உள்பக்கம் சுருண்டு அடைத்துக்கொள்ளும். பளபளக்கும் கலர் சிலிக்கான் ஹோஸிலும் எண்ணெய் மெதுவாகக் கசியும். நைட்ரைல் ரப்பரில் செய்த எண்ணெய் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். போக, வர ஒன்றரை மீட்டர் போதும். கிளிப் நான்கு. வடிகால் குழாய்க்கு அரை மீட்டர், ஒரு பித்தளை பால் வால்வு, 3 மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட், எம் 8 போல்ட் இரண்டு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டிக்குச் சாதா இரும்பு போல்ட் இரண்டு மழைக்காலத்துக்குக்கூடத் தாங்காது, உப்புக்காற்று தின்றுவிடும். துருப்பிடிக்காத எஸ்எஸ் 304 ஸ்டீல் போல்ட் போடுங்கள்.

மாட்டும் வேலையை இன்ஜின் ஆறிய பிறகு தொடங்குங்கள். இடம் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் தள்ளி, ஃபயர்வாலையோ (கேபினுக்கு முன்னுள்ள தடுப்பு) ஃபெண்டரையோ (சக்கரத்தின் மேல் தகடு) ஒட்டி, கை போய் வால்வைத் திறக்க முடிகிற இடமாகப் பாருங்கள். கை எட்டாத இடத்தில் மாட்டிய கேனை யாரும் வடிப்பதில்லை. கேனை வண்டியின் பாடியில் கட்டுகிறோம், குழாய் வருவதோ ஆடும் இன்ஜினிலிருந்து. ஆகவே ஹோஸில் கொஞ்சம் நெகிழ்வு விடுங்கள், ஆனால் தொங்கவிடாதீர்கள். ஹோஸ் நடுவில் தொட்டில் மாதிரி இறங்கி ஏறினால் அந்தப் பள்ளத்தில் எண்ணெயும் தண்ணீரும் தேங்கி வழியை அடைக்கும். ஒன்று, இன்ஜினிலிருந்து கேன் வரை சீராக இறங்கவேண்டும், இல்லை, சீராக ஏறவேண்டும்.

பழைய குழாயை டாப்பெட் கவரிலிருந்து திருகி இழுக்காதீர்கள். பல வண்டிகளில் அந்த மூக்கு பிளாஸ்டிக், சூட்டில் வெந்து பிஸ்கட் மாதிரி இருக்கும், படக்கென்று உடையும். உடைந்தால் முழு கவரையே மாற்றவேண்டி வரலாம். குழாயை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தெடுங்கள். கழற்றியவுடன் டர்போ பக்கத்து வாயைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். புது ஹோஸை வெட்டியபின் ரப்பர் பொடி போக ஊதித் துடையுங்கள். டாப்பெட் கவரிலிருந்து வருவது கேனின் உள்வாய்க்கு, வெளிவாயிலிருந்து டர்போ குழாய்க்கு. மாற்றி மாட்டினாலும் இன்ஜின் ஓடத்தான் செய்யும், எண்ணெய் மட்டும் சரியாகப் பிரியாது, ரிலீஃப் வால்வும் உதவாது. கிளிப்பை ஹோஸ் பிதுங்கும் அளவுக்கு முறுக்கவேண்டாம், பிளாஸ்டிக் மூக்கு நசுங்கும்.

சில பேர் கேனின் வெளிவாயை டர்போவுக்குக் கொண்டுபோகாமல் காற்றில் விட்டுவிடுகிறார்கள். புகைவாடை ஏசி வழியாகக் கேபினுக்குள் வரும், அது ஒன்று. அதைவிட மோசம், டர்போ குழாயில் பிரீதர் வந்து சேர்ந்த ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விடுவது. அறுவடை நேரத்தில் களத்தில் பறக்கும் வைக்கோல் தூசியும் பதர்த்தூளும் ஏர் ஃபில்டரைத் தொடாமல் நேரே உள்ளே போகும். ஒரு பருவத்திலேயே டர்போ இறக்கைகளும் ரிங்குகளும் தேய்ந்துவிடும்.

மாட்டியபின் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளை போட்டு நிப்பிள் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள். டியூபை ‘ப’வைப் போலக் கீழே வளைத்துத் தொங்கவிட்டு, கை இரண்டும் அரை மீட்டர் உயரம் இருக்கும்படி கட்டி, அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சாயத் தண்ணீர் ஊற்றி மறுமுனையைத் திறந்து விடுங்கள். இன்ஜின் பக்கத்து டியூப் அதற்கும் மேலே ஒரு முழம் ஏறி இறங்கவேண்டும், இல்லையென்றால் உறிஞ்சும்போது தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும். டிப்ஸ்டிக் குழாயில் மாட்டி அளக்காதீர்கள், சில இன்ஜின்களில் அதன் அடிமுனை எண்ணெய்க்குள் முங்கியிருக்கும், அளவு பொய்யாகிவிடும். கேன் மாட்டும் முன் ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாட்டியபின் மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மாறினால் பரவாயில்லை. பத்து சென்டிமீட்டர் ஏறினால் ஹோஸ் மடங்கியிருக்கிறது, அல்லது கேன் அந்த இன்ஜினுக்குச் சிறியது. டர்போவில் வேலை முடித்த எண்ணெய் தன் எடையில்தான் சேம்பருக்கு வடிகிறது. சேம்பரில் அழுத்தம் இருந்தால் அது இறங்காது, டர்போ சீல் வழியாகவே கசியும். எண்ணெயைத் தடுக்க மாட்டிய கேனே எண்ணெய் ஒழுக வைத்துவிடும்.

முதல் 1000 கிலோமீட்டரில் ஒருமுறை வடித்து, அளவு டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு 5000 கிலோமீட்டருக்கும் வடித்து, தேதியையும் மில்லியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். 5000 கிலோமீட்டருக்கு ஒரு சின்ன டம்ளர் அளவுக்குள் வந்துகொண்டிருந்தால் கவலையில்லை. வழக்கமான அளவு திடீரென்று இரட்டிப்பானால் இன்ஜின் ஏதோ சொல்கிறது, மறுபடி ஆயில் மூடிச் சோதனை. மழைக்காலத்தில் வடிப்பது பால் கூடின காபி நிறத்தில் வரும், எண்ணெயும் தண்ணீரும் கடைந்த கலவை. குட்டை ஓட்டம் ஓடும் வண்டியில் அது இயல்பு. ஆனால் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை மாதம் ஒருமுறை வடிப்பது நல்லது. வெள்ளத் தண்ணீரில் இறங்கும் முன் பால் வால்வு மூடியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

வடிக்காமல் நிரம்பிய கேன், கேனே இல்லாததைவிட ஆபத்து. நிரம்பி வழிந்தால் கால் லிட்டர் எண்ணெய் மொத்தமாக டர்போவுக்குள் போகும். டீசல் இன்ஜினுக்கு அதுவும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஆர்பிஎம் ஏறிக்கொண்டு போய் இன்ஜின் சிதறும். அப்படி நேர்ந்தால், கியர் வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு டாப் கியரைப் போட்டு கிளட்சைச் சட்டென்று விடுங்கள், இன்ஜின் திணறி அணைந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் இது நடக்காது. அங்கே ஏர் குழாயின் வாயைப் பலகையாலோ தடித்த புத்தகத்தாலோ அடைத்துக் காற்றை நிறுத்தவேண்டும். கையையோ துணியையோ வைக்காதீர்கள், இழுத்துக்கொள்ளும். முயற்சி பலிக்கவில்லை என்றால் ஆட்களை விலக்கி வண்டியை விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்.

ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடும் பழக்கம் வேண்டாம். நார் ஃபில்டர் டீசலில் அலசினால் பொலிவாகத் தெரியும், துவாரம் அடைத்தே இருக்கும். கேன் செய்தவர்கள் சொல்லும் கெடுவுக்குப் புதிது போடுங்கள். வாரண்டி இருக்கும் வண்டி என்றால், மாட்டும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வடித்த கலவையைத் திரும்ப இன்ஜினில் ஊற்றவேண்டாம், அதில் தண்ணீரும் அமிலமும் இருக்கிறது. வாய்க்கால் கரையிலோ வரப்பிலோ கொட்டவும் வேண்டாம். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் கைக்குத்தான் போகவேண்டும். ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்றில் மூடி இறுக்கிச் சேர்த்து வைத்து, அடுத்த ஆயில் சர்வீஸுக்குப் போகும்போது ஒர்க்‌ஷாப்பின் பழைய ஆயில் டிரம்மில் ஊற்றிவிட்டு வாருங்கள்.