மூடும் முன் ஒரு படம்

எங்கள் தோட்டத்தில் கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டப் போனவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெருமழை விட்ட மறுநாள் கான் வாயில் வரும் தண்ணீரின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். தெளிவாக வந்தால் பேச்சில்லை. பால் தேத்தண்ணி மாதிரிக் கலங்கி வந்தால், உள்ளே எங்கோ மண் கரைகிறது. தண்ணீரே வராவிட்டால்தான் பெரிய கவலை. அவ்வளவு மழையும் எங்கே போய் நிற்கிறது?

நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மண்மேட்டைப் பரிசோதிக்கப் போகும் பொறியியலாளரும் இதையேதான் தேடுகிறார். நம் இலங்கை மலைகளில் நிலக்கரி கிடையாது. ஆனால் வீதி அகலமாக்கினாலும் சரி, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் வீட்டுக்கு இடம் வெட்டினாலும் சரி, வெட்டிய மண் பள்ளத்துப் பக்கம்தான் போகிறது. அப்படிக் கொட்டிய மண் எப்போது நிற்கும், எப்போது நகரும் என்பதற்கு எல்லா ஊரிலும் ஒரே கணக்குதான்.

மண்ணின் பாரம்தான் மேட்டை இழுத்து வருகிறது என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. அதே பாரம்தான் மண் துணுக்குகளை ஒன்றோடொன்று அழுத்தி, உராய்வால் பிடித்தும் வைக்கிறது. ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பாருங்கள், கால் தரையில் பாவாது. மண்ணுக்குள் தண்ணீர் தேங்கும்போது நடப்பதும் அதுதான். துணுக்குகளுக்கு இடையில் நீரழுத்தம் ஏறுகிறது, பிடி தளர்கிறது. சரிவும் மண்ணும் நேற்று இருந்த மாதிரியே இருக்கும், ஆனால் மேடு கிளம்பிவிடும்.

1966 ஒக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்ஃபானில் அப்படித்தான் கிளம்பியது. மலையில் ஊற்று இருந்த இடத்தின் மேலேயே சுரங்கக் கழிவைக் குவித்திருந்தார்கள். காலையில் பாடசாலை தொடங்கிய நேரம் அது சரிந்து, 144 பேர் இறந்தார்கள்; அவர்களில் 116 பேர் பிள்ளைகள். அந்த ஊற்று வரைபடத்திலேயே இருந்தது என்பதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 1969இல் பிரித்தானியா இத்தகைய மேடுகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இன்னும் நுணுக்கமானவை. மேட்டைச் சறுக்க வைக்கும் விசை 100 என்றால், பிடித்து நிறுத்தும் விசை 150 ஆவது இருக்க வேண்டும். ஊற்றோ ஓடையோ உள்ள இடமென்றால், மண் போடுமுன் அடியில் கல்லால் வடிகால் அமைக்க வேண்டும். மேடு கட்டி முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது தகுதியுள்ள பொறியியலாளர் நேரில் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: அடி வடிகாலை மண்ணால் மூடுவதற்கு முன் கலர்ப் படம் எடுத்து அறிக்கையோடு இணைக்க வேண்டும். மூடிய பிறகு தோண்டிப் பார்க்க யாராலும் முடியாதே.

எந்தக் கல் என்பதும் முக்கியம். சில கல் வெட்டும்போது இரும்பு மாதிரி இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஓரம் உதிர்ந்து சேறாகிவிடும். களிப்பாறைகளில் பல அந்த ரகம். அதை வடிகாலில் போட்டால் ஒரு சில மழைக்காலத்தில் வடிகாலே அடைப்பாகிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் பார்க்கக்கூடிய சோதனைதான், ஆனாலும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களை மூடியது யாரும் கொட்டிய மண்ணல்ல; மலையே காலங்காலமாகச் சேர்த்து வைத்த சரிமண். ஆனாலும் இளக்கியது அதே தண்ணீர்தான். அதனால் வைத்தியமும் ஒன்றுதான். வட்டவளையில் ரயில் பாதைக்குத் தொல்லை கொடுத்த மண்சரிவை 1990களில் அடக்கியபோதும், நிலத்துக்குள் துளையிட்டுத் தண்ணீரை வடியவிட்டார்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்பதை வெறும் கடதாசி வேலை என்று அலுத்துக்கொள்கிறோம். பார்க்க வருபவர் வீட்டை விட்டுவிட்டு மேட்டையும் கானையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

அக்கா வீட்டின் பின்னால் அணைச்சுவர் கட்டியபோது, சுவரில் குழாய்கள் வரிசையாக இருந்தன. எட்டிப் பார்த்தால் பின்னால் வெறும் களிமண். "தண்ணி வர ஓட்டை வச்சிருக்கேனே தம்பி" என்றார் மேசன் பாஸ். களிமண்ணைத் தாண்டித் தண்ணீர் குழாய்க்கு வந்து சேர்ந்தால்தானே? அப்புறம் அரை நாள் பேசி, பின்னால் கருங்கல் சல்லி போட வைத்தோம். மூடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்தேன். சல்லி, நாலு குழாய், ஓரத்தில் பாஸின் செருப்புக் கால். போன மழைக்கு நாலில் மூன்று குழாயில் தண்ணீர் தெளிவாக வந்தது. நாலாவதைப் பார்க்க இந்த ஞாயிறு போகிறேன்.