சிறுநீர்ப்பெருக்கி: நீரிழிவும் அல்ல, நீரகற்றியும் அல்ல

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இருதய பலவீனத்தால் கால் வீக்கம். முன்னங்கால் எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். கிளினிக்கில் பியூரோசமைட் கொடுத்தார்கள், சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தை வடிக்கும் குளிசை. குளிசை உறையில் யாரோ பேனாவால் 'நீரிழிவு' என்று எழுதிவிட்டார்கள். "எனக்குத்தான் சீனி வருத்தம் இல்லையேப்பா, இது எதுக்கு?" என்று நான்கு நாள் அதைத் தொடவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ப்ளேன்டீக்குச் சீனி போடுவதை மட்டும் நிறுத்தியிருந்தார். வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது.

சிறுநீர்ப்பெருக்கியை நீரிழிவு என்று எழுதும் இதே பிழையை மொழிபெயர்த்த துண்டுப்பிரசுரங்களிலும் பார்த்துச் சலித்துவிட்டேன்.

சிறுநீர்ப்பெருக்கிக்கு ஆங்கிலத்தில் டையூரெடிக், கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'டயா' என்றால் ஊடாக, 'ஊரோன்' என்றால் சிறுநீர். நீரிழிவின் ஆங்கிலப் பெயரான டயபிட்டீஸிலும் அதே 'டயா' உண்டு. உறவு அவ்வளவுதான்.

மலையகத்தில் குழப்பத்துக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. சிங்களத்தில் சீனி வருத்தத்துக்குப் பெயர் 'தியவெடியாவ'. பிரித்துப் பார்த்தால் 'திய' தண்ணீர், 'வெடி' கூடுதல். இரண்டு மொழியும் புழங்குகிற ஒருவர் 'நீர்ப்பெருக்கி' என்று படித்தால் மனம் நேரே சீனிக்குத்தான் போகும். அதனால்தான் சொல்கிறேன், 'சிறு' என்ற இரண்டெழுத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். சிறுநீர்ப்பெருக்கி என்று முழுதாக எழுதுங்கள். சித்த மருத்துவர்கள் நெருஞ்சிலுக்கும் சிறுபீளைக்கும் சொல்லிவரும் சொல் அது. புதிதாக ஒன்று செய்ய வேண்டியதே இல்லை.

ஆனால் செய்கிறார்கள். 'நீரகற்றி' சுருக்கமாக இருக்கிறதாம், 'சிறுநீர்' என்று சொல்லக் கூச்சமாம். ஏ.எல். இரசாயனவியல் படித்த பிள்ளையிடம் கேளுங்கள்: நீரகற்றி என்றால் செறிந்த சல்பூரிக்கமிலம், சீனியைக் கரியாக்குவது. அந்தப் பெயரையா நோயாளியின் உறையில் எழுதுவது? அதோடு, இந்தக் குளிசை தண்ணீரை நேரடியாக அகற்றுவதும் இல்லை. சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லீட்டர் வடிக்கிறது. வெளியே போவது ஒன்றரை லீட்டர் மட்டில்தான். மற்றதெல்லாம் இரத்தத்துக்குத் திரும்பிவிடும். உப்பு திரும்பினால் பின்னாலேயே தண்ணீரும் திரும்பும். குளிசை அந்த உப்பை மறிக்கிறது. தண்ணீரும் அதோடு சிறுநீராகப் போய்விடுகிறது. வீக்கம் வடிவதும் பிரஷர் இறங்குவதும் அப்படித்தான். சிறுநீர் பெருகுவது கண்ணுக்குத் தெரிகிற விளைவு, பெயரும் அதையே சொல்கிறது.

உப்போடு பொட்டாசியமும் கழியும். கெண்டைக்கால் குரக்குப் பிடிக்கும், சோர்வு வரும், மிகக் குறைந்தால் இருதயத் துடிப்பே தடுமாறும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சிலருக்கு யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலிக்கும். இதே வகையில் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சில குளிசைகள் நேர்மாறு, பொட்டாசியத்தைக் கூட்டிவிடும். இரத்தம் சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான். பிரஷருக்குக் கொடுக்கும் தயசைட் வகை இரத்தத்தில் சீனியையும் கொஞ்சம் ஏற்றக்கூடும். அதன் உறையில் 'நீரிழிவு' என்று எழுதினால் என்ன ஆகும் என்று எழுதுகிறவர் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

எங்கள் லயத்து ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒண்ணுக்குப் போற குளிசை'. அகராதியில் ஏறாது, சரி, ஆனால் யாரும் பிழையாக விளங்கிக்கொண்டதில்லை. பியூரோசமைட் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் போல இழுக்கும். காலையில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுகிற பெண் கொழுந்துக்கு நடுவே எங்கே ஒதுங்குவாள்? அதனாலேயே குளிசையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நேரம் போடலாம் என்று கிளினிக்கில் கேட்கலாம் என்பதைத் தமிழில் சொல்ல ஆளில்லை.

பெரியம்மாவின் உறையில் பழைய எழுத்தை வெட்டிவிட்டு நானே எழுதினேன்: சிறுநீர்ப்பெருக்கி. கால் வீக்கத்துக்கு. காலையில் ஒன்று.