சுருள்வரி இல்லாத குழலிலிருந்து குண்டு நேராகப் போவது எப்படி?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “கையில் பழைய 12 கேஜ் ஷாட்கன் இருக்கிறது, குழலின் உட்புறம் வழவழப்பானது. காட்டில் 70, 80 மீட்டருக்கு மேல் பார்வையே எட்டாது. வெள்ளைவால் மானுக்கு இது போதுமா, ரைஃபிள் வாங்க வேண்டுமா?” இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவிலோ உரிமம் பெற்று நடக்கும் பருவகால வேட்டைதான் மான்கள் அளவுமீறிப் பெருகாமல் தடுக்கும் முக்கிய வழி.

போதும். ஆனால் எந்தக் குழலில் எந்தக் குண்டு என்பதில் பிழை வரக்கூடாது.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 20 செ.மீ. அகல வட்டம். குண்டு அதற்குள் பட்டால் மான் சில நொடிகளில் விழும். வெளியே பட்டால் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். பல சிறு ஈயக் குண்டுகள் சிதறிப் பாயும் பக்ஷாட்டை நான் பரிந்துரைக்காததற்குக் காரணமும் இதுதான்: 30 மீட்டரைத் தாண்டினால் அந்த வட்டத்துக்குள் எத்தனை விழும் என்று நம்ப முடியாது. ஷாட்கன்னுக்கு ஏற்றது ஸ்லக் எனும் ஒற்றைக் குண்டு. 28 கிராம் ஈயம், குழல் வாயில் விநாடிக்குச் சுமார் 480 மீட்டர் வேகம்.

ரைஃபிள் தோட்டாவின் நிலை பம்பரத்தின் நிலை. கூர்முனையும் கனத்த பின்பாகமும் கொண்ட அதன் எடைமையம் பின்னால் இருக்கிறது. காற்றின் அழுத்தமோ அதற்கு முன்னால் விழுகிறது. மூக்கு இம்மியளவு விலகினாலும் காற்று அதை மேலும் புரட்டத்தான் பார்க்கும். ரைஃபிள் குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள்வரிகள் தரும் சுழற்சிதான் அதைக் கவிழாமல் காக்கிறது. வழவழப்பான குழலில் அந்தச் சுழற்சிக்கு வழியில்லை.

1931இல் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. குண்டைச் சுழற்றுவதை விட்டுவிட்டு, எடையை இடம் மாற்றினார். அவருடைய ஸ்லக், பின்பக்கம் குடைந்த கிண்ணம் போன்றது. ஈயத்தின் பெரும்பகுதி மூக்கில். எடைமையம் முன்னால் வந்துவிட்டதால் காற்றின் அழுத்தம் அதற்குப் பின்னால் விழுகிறது. இப்போது மூக்கு விலகினால், வெற்றுப் பின்பாகத்தில் மோதும் காற்றே அதைத் திருப்பி நேராக்குகிறது. இறகுப்பந்தை எப்படி வீசினாலும் தக்கைப் பக்கம் முன்னால் வருகிறதே, அதே இயக்கம்தான்.

ஸ்லக்கின் பக்கவாட்டில் சாய்வான வரிகள் இருக்கும். அவைதான் குண்டைச் சுழற்றுகின்றன என்று அனுபவசாலிகளே நம்புகிறார்கள். அவற்றால் வரும் சுழற்சி சொற்பம்; நிலைத்தன்மைக்கு அது போதாது. குழல் முனையின் குறுகலான சோக் வழியாகப் போகும்போது ஈயம் நசுங்கி ஒதுங்க இடம் வேண்டும், வரிகள் அதற்கே. இடம் இருக்கிறதே என்று, மிகவும் குறுகலான ஃபுல் சோக்கில் சுட வேண்டாம். குறுகலே இல்லாத சிலிண்டர் அல்லது சற்றே குறுகலான இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் பொருத்துங்கள்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘ரைஃபிள்டு ஸ்லக்’ என்ற பெயரைப் பார்த்துச் சுருள்வரிக் குழலுக்கு வாங்கிவிடுவார்கள். மேலே சொன்ன, பக்கவாட்டில் வரியுள்ள ஸ்லக்கின் பெயர்தான் அது; வழவழப்பான குழலுக்கானது. சுருள்வரிக் குழலில் சுட்டால் ஈயம் வரிகளை அடைத்து, சில குண்டுகளிலேயே குறி கெடும். பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சேபட் ஸ்லக்கோ சுழற்சியை நம்பிச் செய்யப்பட்டது. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று தரும் குழலில் அது விநாடிக்கு அறுநூறுக்கும் மேல் சுழலும்; உங்கள் குழலில் சுழலாமல் தாறுமாறாகப் போகும்.

ஸ்லக் கனமானது, புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்பது வேட்டைக்காரர்களின் மூடநம்பிக்கை. சுள்ளியில் பட்டால் எந்தக் குண்டும் விலகும். இடையில் கிளை இருந்தால் சுடக்கூடாது.

ரைஃபிள் வாங்குவதானால் ஒரே நல்ல காரணம் தோள். ஒஹாயோ 2014 முதல் நேர்சுவர்த் தோட்டா (கழுத்தில் குறுகாமல் நேராக இருக்கும் உறை கொண்டது) ரைஃபிள்களை அனுமதிக்கிறது. இத்தகைய மாநிலங்களை மனதில் வைத்து 2019இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த .350 லெஜண்ட் என்ற தோட்டாவின் உதைப்பு, ஸ்லக்கின் உதைப்பில் பாதிகூட இல்லை. உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பவர் எதைக் கொண்டும் குறி தவறுவார். புகழ்பெற்ற .30-30 கழுத்து குறுகிய தோட்டா. அதனால் அங்கே மான் வேட்டைக்கு ஆகாது.

ஸ்லக் பாதுகாப்பானது என்ற எண்ணத்தில் சில மாநிலங்கள் நெடுங்காலம் ரைஃபிளுக்குத் தடை விதித்திருந்தன. 2007இல் பென்சில்வேனியா சட்டமன்றக் குழுவுக்காக நடந்த ஆய்வோ, தாழ்வாகச் சுட்டால் தரையில் பட்டுத் தெறிக்கும் ஸ்லக் ரைஃபிள் தோட்டாவையும் மிஞ்சிப் போகக்கூடும் என்று காட்டியது. சட்டம் எழுதும் முன்பே இப்படி அளந்து பார்க்க அரசுகள் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். எதைச் சுட்டாலும் மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும்.

மூன்று நிறுவனங்களின் ஸ்லக்குகளை வாங்கி, துப்பாக்கியை மணல்மூட்டையில் தாங்கவைத்து, 50 கெஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து சுடுங்கள். ஒரே துப்பாக்கியில் ஒன்று நெருக்கமாக விழும், இன்னொன்று சிதறும். நெருக்கமாக விழுவதை அங்கேயே குறிக்குச் சரிசெய்தால், 100 கெஜத்தில் அது 12 முதல் 15 செ.மீ. தாழ்ந்து விழும். குழல் முனையிலுள்ள சிறு மணிபோன்ற பழைய குறியை மட்டும் நம்பிச் சுடுபவர் 75 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.