கையெழுத்து யாருடையது?

"என்னைப் பிடிச்சுக் குடுத்தது நீதானே?"

குணமாகி வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அண்ணனைப் பார்த்துத் தம்பி கேட்கும் கேள்வி இது. மனநல மருத்துவராக எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அண்ணன் தலை குனிந்து நிற்பார். தம்பியை மருத்துவமனையில் சேர்த்த படிவத்தில் இருப்பது அவர் கையெழுத்துதான்.

விருப்பத்துக்கு மாறாக ஒருவரைச் சிகிச்சைக்குச் சேர்க்கும் வழி பல நாடுகளில் உண்டு. கையெழுத்துப் போடும் ஆள்தான் ஊருக்கு ஊர் மாறுகிறார். இத்தாலியில் 1978 சட்டப்படி இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுக்க, ஊர் மேயர் உத்தரவு போடுவார். 48 மணி நேரத்துக்குள் அது நீதிபதிக்குப் போக வேண்டும். ஏழு நாள் கெடு. பொது மருத்துவமனை வார்டில்தான் சேர்ப்பார்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே அனுமதி பெற்றவர், பெரும்பாலும் ஒரு சமூகப் பணியாளர், விண்ணப்பம் போடுவார். வீட்டாரும் போடலாம், ஆனால் அது அபூர்வம். ஆக, நோயாளியின் கோபம் மேயர் மேலோ அதிகாரி மேலோ போகும். வீட்டுக்குள் வராது.

நம் நாட்டில் அப்படி இல்லை. 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க வேண்டியவர் 'நியமனப் பிரதிநிதி', அதாவது நோயாளி தன் சார்பில் செயல்பட நியமிக்கும் ஆள். யாரையும் நியமிக்காவிட்டால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் சொந்தக்காரர் தலையில்தான் விழும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் அதிகபட்சம் 30 நாள். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கிறார், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்றால்தான் சேர்க்கலாம். "வேலைக்குப் போக மாட்டேங்கிறான் டாக்டர்" என்பதெல்லாம் காரணம் ஆகாது. சேர்த்த விவரம் மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளில், பெண் என்றால் 3 நாளில் போக வேண்டும். நோயாளியே அங்கே முறையிடலாம். இதை நான் சொல்லும்போது வீட்டாருக்குத்தான் முதலில் அதிர்ச்சி.

அப்புறம், சங்கிலி. 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் நோயாளிகள் 28 பேர் இறந்தார்கள், ஓடமுடியாமல் கட்டப்பட்டிருந்ததால். இன்று எந்த வகையிலும் சங்கிலியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் "கயித்துல கட்டித்தான் வேன்ல ஏத்தினோம்" என்று சொல்பவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தூரத்து ஊர்க்காரர்களிடம் கேட்டால், நோயாளிக்குத் தூக்கம் கெட்டு மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அப்போதே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு ஒரு போன் செய்திருந்தால் கயிறு வரை போயிருக்காது.

நியமனப் பிரதிநிதி யார் என்பதை மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். வெள்ளைத்தாளும் கையெழுத்தோ கைநாட்டோ போதும். குணமானவர்களிடம் இதைச் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ஒருவர் அண்ணனை விட்டுவிட்டுச் சித்தப்பா பெயரை எழுதினார். ஏன் என்று கேட்டேன்.

"அவர்கிட்ட சண்டை போட்டா பரவாயில்லை சார். அண்ணன்கூடத்தானே நான் ஒரே வீட்டுல இருக்கணும்."